ஓடிப்போவது குற்றமான கதை

என் பாட்டி 'ஓடிப்போனவன்' என்ற சொல்லை இரண்டு குரலில் சொல்வார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போனவன் என்றால் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். தோட்டத்தை விட்டு ஓடிப்போனவன் என்றால் குரல் இறங்கிவிடும். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டுதான் மேலே சொல்வார். அப்போது அவருக்கு எழுபது வயது இருக்கும். லயத்து வீட்டில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அவருடைய அப்பா கீழே புரோவின்ஸ் வெல்லஸ்லியில், இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டத்துக்கு ஆளாக வந்தவர். பாட்டி கல்யாணமாகித் தேயிலைக்கு, கேமரன் மலைக்கு, வந்தார். ஓடிப்போனவர்களின் கதையும் அவரோடு மலை ஏறி வந்தது.

வேலை பிடிக்கவில்லை, ஒருவன் வேறு வேலை தேடிப் போகிறான். இதில் வாசலை எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. பின்னால் அதைத் தேடிப் போனபோது பினாங்கு, நாகப்பட்டினம், கல்கத்தா என்று பின்னோக்கி நடந்து கடைசியில் 1348ஆம் ஆண்டின் இங்கிலாந்தில் போய் நின்றேன்.

அந்த ஆண்டு அங்கே கொள்ளைநோய் கரை இறங்கியது. இரண்டு வருடத்துக்குள் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாண்டுபோனார்கள். வயல் கிடந்தது, அறுக்க ஆளில்லை. உயிரோடு மிஞ்சிய கூலிக்காரன் முதல் முறையாக விலை பேசினான். பக்கத்து ஊர்ப் பிரபு கூடுதலாகக் கொடுத்தால் அங்கே போனான். பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை. 1349 ஜூனில் மூன்றாம் எட்வர்ட் மன்னர் ஓர் ஆணை போட்டார். அறுபது வயதுக்கு உட்பட்ட, உடலில் தெம்புள்ள, சொந்த நிலமோ தொழிலோ இல்லாத ஆணும் பெண்ணும் யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். கூலி நோய்க்கு முன்பிருந்த கூலிதான். பேசிய காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சிறை. கூடுதல் கூலி கொடுத்தவருக்கும் அபராதம். 1351இல் நாடாளுமன்றம் இதையே சட்டமாக்கி இறுக்கியது.

நமக்கு வேண்டிய சட்டம் பிறந்த இடம் இதுதான். ஒப்பந்தத்தை மீறியவனுக்குத் தண்டனை என்று பிற்காலத்து வக்கீல்கள் இதற்கு நியாயம் சொன்னார்கள். பிறந்த வேளையில் அதன் மையம் ஒப்பந்தம் அல்ல. கூப்பிட்டால் போ என்பதுதான் ஆணை. கூலி ஏறிவிடக் கூடாது என்ற கவலை அதைப் பெற்றெடுத்தது. ஒப்பந்தம் என்ற பெயர் பின்னால் சூட்டியது.

பெற்றவர்கள் போன பிறகும் பிள்ளை வளர்ந்தது. 1563இல் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் அதைப் பட்டறைகளுக்கும் தொழில் பழகுபவர்களுக்கும் கொண்டுபோனது. 1823இல் வந்த 'எசமான் - வேலைக்காரன்' சட்டம், சொல்லாமல் வேலையை விட்டவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் என்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள்மேல் இப்படி வழக்கு நடந்தது. ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில்!

இதில் ஒரு கோணலைக் கவனிக்க வேண்டும். கூலி கொடுக்காத முதலாளியும் ஒப்பந்தத்தை மீறியவர்தான். அவருக்கு என்ன? பாக்கியைக் கட்டச் சொல்வார்கள், அவ்வளவே. வேலையை விட்ட தொழிலாளிக்குச் சிறை. ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்துக்குப் பணம், மறுபக்கத்துக்கு உடம்பு. தீர்ப்புச் சொல்லும் மாஜிஸ்திரேட் பெரும்பாலும் முதலாளி வீட்டு விருந்தில் உட்கார்ந்து எழுந்தவர்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் 1803 முதல் தொழிலாளி கையில் ஒரு சிறு புத்தகம் இருக்க வேண்டும். பழைய முதலாளி அதில் கையெழுத்திட்டு விடுவித்தால்தான் புதிய இடத்தில் சேரலாம். 1890இல்தான் அது ஒழிந்தது. பிரஷ்யாவில் வீட்டு வேலைக்காரர், பண்ணை வேலைக்காரருக்கான 1810ஆம் ஆண்டுச் சட்டம் 1918 வரை உயிரோடு இருந்தது. இலங்கை மலையகத்தில் 'துண்டு' என்றால் எல்லோருக்கும் தெரியும். கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டத்துத் துரை துண்டு எழுதிக் கொடுக்காமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921இல் ஒழிக்கப்பட்ட அந்தத் துண்டு பாரிஸ் தொழிலாளியின் சிறு புத்தகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே எனக்குப் படுகிறது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் ஆளைக் கட்டிவைக்கும் முறை இருந்தது. தஞ்சையின் பண்ணையாள் யார் கேட்டு வயலை விட்டு நகர்ந்தான்? ஆனால் அவனைக் கட்டியது சாதியும் கடனும் ஊர் வழக்கமும். ஐரோப்பா கொண்டுவந்தது வேறு: அச்சடித்த தாள், கைநாட்டு, வாரண்ட், மாஜிஸ்திரேட். ஊர் வழக்கத்தை மீறி இரவோடு இரவாகத் தப்பியவன் தப்பியவனே. கைநாட்டு வைத்துவிட்டு ஓடியவனின் பின்னாலேயோ வாரண்ட் போகும்.

இந்தியாவில் அதன் பெரிய சட்டம் வந்தது 1859இல். அந்த ஆண்டின் 13ஆம் எண் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காத தொழிலாளி பணத்தைத் திருப்ப வேண்டும் அல்லது வேலையைச் செய்ய வேண்டும், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை என்றது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் கைவினைஞர்களுக்காக எழுதியது. சீக்கிரமே அசாம், குடகு, வயநாடு, நீலகிரித் தோட்டக்காரர்களின் கைத்தடியாகிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 492ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசியது. எசமானின் செலவில் தொலைதூரத்துக்குக் கூட்டிப்போகப்பட்ட வேலைக்காரன் பேசிய காலத்துக்குள் வேலையை விட்டால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது வழிச்செலவைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். 'எசமானின் செலவில் தொலைதூரத்துக்கு' என்ற சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் கூட்டம்தான் கண்ணில் வரும். 1867 வரை நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டவை.

1875இல் இங்கிலாந்தின் தொழிற்சங்கங்கள் போராடி வென்றன. வேலையை விட்டதற்காகச் சிறை என்பது அங்கே ஒழிந்தது. சட்டத்தின் பெயரே மாறி, எசமானும் வேலைக்காரனும் போய் முதலாளியும் தொழிலாளியும் வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1876இல், மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் குடியேறிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 'பாதுகாப்பு' என்று அதற்குப் பெயர். அதற்குள்ளும், 1884இல் அதன் இடத்துக்கு வந்த சட்டத்துக்குள்ளும், ஓடியவருக்கான தண்டனை பத்திரமாக இருந்தது. லண்டனில் செத்த சட்டம் பினாங்கில் புதுச் சட்டை போட்டுக்கொண்டது. என் கொள்ளுத்தாத்தா கைநாட்டு வைத்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

அந்தக் கைநாட்டைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். தாளில் இருப்பது ஆங்கிலம். சொல்லிக் காட்டுபவர் ஆட்கட்டியின் ஆள். விரலை மையில் அழுத்துபவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் பஞ்சம், பினாங்கில் கூலி என்பதுதான். கப்பல் கட்டணம் அவர் பெயரில் கடனாக ஏறுகிறது என்பது இறங்கிய பிறகு தெரியும். இந்தத் தாளை வக்கீல் கையில் கொடுத்தால் 'இரு தரப்பும் சம்மதித்தது' என்பார். வரலாறு படித்தவர் அந்த வருடம் மழை பெய்ததா என்று கேட்பார். பொருளாதாரம் படித்தவர் கடனுக்கும் கூலிக்கும் உள்ள விகிதத்தைக் கேட்பார். மானிடவியல் படித்தவர், இவர் இன்றிரவு யார் வீட்டில் படுப்பார் என்று கேட்பார். பெண் ஒருத்தி கேட்டால், என் கைநாட்டு எங்கே என்பாள். ஐரோப்பியச் சட்டத்தை இப்படிப் பல துறைகளின் கண்ணால், சட்டப் புத்தகத்துக்கு வெளியே நின்று படிக்கும் மரபு கடந்த அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கிறது. கனடாவின் டக்ளஸ் ஹேயும் பால் கிரேவனும் 2004இல் பதிப்பித்த பெருந்தொகுப்பு, எசமான் - வேலைக்காரன் சட்டம் பேரரசு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களாகக் குட்டி போட்டதைப் பின்தொடர்ந்து காட்டுகிறது. ஹியூ டிங்கர் 1974இலேயே ஒப்பந்தக் கூலி முறையைப் புதுவகை அடிமைத்தனம் என்று பெயர் சொல்லி எழுதிவிட்டார். இவர்களைப் படித்த பிறகுதான் பாட்டி குரலைத் தாழ்த்தியதன் பின்னால் அறுநூறு வருடம் இருந்தது எனக்கு விளங்கியது.

மலாயாவில் சட்டம் சாவதற்கும் தவணை தேவைப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நின்றது. கடைசி ஒப்பந்தங்கள் 1913இல் முடிந்தன. வேலையை விட்டதற்கான தண்டனைப் பிரிவுகள் 1921இல் நீங்கின. 1923இல் புதிய தொழிற்சட்டத் தொகுப்பு வந்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் யாரும் போகலாம். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறந்த கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. அது தனியாக எழுத வேண்டியது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டமும் 492ஆம் பிரிவும் 1925இல் போட்ட ஒரு சட்டத்தால் ஒன்றாக நீக்கப்பட்டன. லண்டன் தொழிலாளிக்குக் கிடைத்த விடுதலை நம்மவர்களை வந்தடைய ஐம்பது ஆண்டு.

கேமரன் மலைத் தேயிலை இதற்கெல்லாம் பிறகு பிறந்தது. வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டு நிலத்தைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அது நாற்பது வருடம் தூங்கியது. 1925இல் ஆங்கிலேய அரசின் உயரதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே வந்து பார்த்த பிறகுதான் அரசு கண் திறந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து ஏறும் சாலை 1931இல் முடிந்தது. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டைத் திருத்தியதிலும் கொழுந்து எடுத்ததிலும் தமிழர்கள் முன்னால் நின்றார்கள். ஆக, இந்த மலையில் முதல் கூடை நிறைந்த நாளில் ஓடிப்போவது குற்றமே இல்லை. சட்டம் செத்து எட்டு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அப்படியானால் பாட்டி ஏன் வாசலைப் பார்த்தார்?

நோட்டீஸ் கொடுப்பது எப்படி என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். காலையில் பெரட்டு. இருட்டில், பனியில், எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். பெயருக்கு நேராக ஒரு கோடு விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. பெரட்டு கலைந்த பிறகு, போக நினைக்கிறவர் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். 'ஒரு மாசத்துல போறேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னவர் ஒருவர்தான். ஆனால் லயத்து வீடு தோட்டத்துடையது. அவர் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி வேறு கங்காணியின் கீழ்க் கொழுந்து எடுக்கிறாள், அவள் வேலையும் போகும். பிள்ளைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போகும். திண்ணையில் கிடக்கும் வயதான தாய்க்குக் கூரை போகும். அடுப்புக்குப் பின்னால் போட்ட கீரைப் பாத்தி போகும். கடையில் பற்று இருந்தால் அதைத் தீர்க்க வேண்டும். பிறகு மலை இறங்க ஒரே சாலை, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். 'வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா ஏழு பேரு சட்டி பானையோட ரோட்டுல நிக்கணும்டா' என்றார் பாட்டி. சட்டத் தொகுப்பில் 'தொழிலாளி' ஒருமையில் இருக்கிறார். லயத்தில் அவர் ஏழு பேர்.

கூலியும் இந்தக் கட்டுக்குள்தான் நின்றது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியமான பகுதிகளில் நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென், பெண்ணுக்கு 40. எட்டாத இடம் என்பதால், கேமரன் மலை இருக்கும் பகாங்கில் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. 1930இல், விலைவாசி வீழ்ந்தபோது, 50ம் 40ம் வெட்டப்பட்டு 40ம் 32ம் ஆயின. வேலை இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஓடினால் பிடித்து இழுத்து வந்த அதே தோட்ட உலகம், வேண்டாதபோது வழிச்செலவு கொடுத்து அனுப்பிவைத்தது. 1349இல் எட்வர்டின் ஆணை எதைக் காத்ததோ அதைத்தான் இதுவும் காத்தது: கூலியை.

இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி 1936 டிசம்பரில் மலாயா வந்து பார்த்துவிட்டு, கங்காணி வழியாக ஆள் எடுப்பது நிற்க வேண்டும் என்று எழுதினார். 1938 ஜூனில் இந்திய அரசு, உதவித்தொகையோடு தொழிலாளரை அனுப்புவதையே தடை செய்தது. கங்காணிக் காலம் அத்தோடு முடிந்தது. பிறகு யுத்தம், சயாம் ரயில், அவசரகாலம். 1954இல் தோட்டத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம், 1955இல் வேலைவாய்ப்புச் சட்டம், 1957இல் சுதந்திரம். பிள்ளைகள் படித்து மலை இறங்கினார்கள். என் அப்பாவும் இறங்கினார், நோட்டீஸ் கொடுத்து, பகலில்.

இன்று அந்தச் சரிவுகளில் கூடையோடு பெண்கள் நிற்பதைக் காண்பது அரிது. இயந்திரத்தின் இரண்டு முனையை இருவர் பிடித்துக்கொண்டு செடியின் தலைமேல் நடக்கிறார்கள். பின்னால் ஒரு நீளப் பை காற்றில் உப்பிக்கொண்டு வருகிறது. பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர். போன மழைக்காலத்தில் பிரிஞ்சாங்கில் ஒரு தேநீர்க் கடையில் ஓர் இளைஞரோடு பேசிக்கொண்டிருந்தேன். மலாயில்தான் பேசினோம். எந்தத் தோட்டம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கு எப்போது போவாய் என்றேன். கடப்பிதழ் ஆபீசில் இருக்கிறது என்றார். சொல்வதற்கு முன்னால் தலையைத் திருப்பிக் கடை வாசலைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் லயத்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அவர் வேலையை விடுவது எந்தத் தொழிற்சட்டத்தின்படியும் குற்றமில்லை. ஆனால் அவருடைய தற்காலிக வேலை அனுமதி ஒரு முதலாளியின் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அவரை விட்டுப் போனால் அனுமதி செல்லாது. அனுமதி இல்லாமல் நாட்டில் இருந்தால் குடிநுழைவுச் சட்டத்தின்படி அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. 'ஓடிப்போனார்' என்று முதலாளி கொடுக்கும் புகாருக்கு மலாயில் பெயரே 'லாரி', அதாவது ஓட்டம். என் தீர்ப்பு இதுதான்: 1349இன் சட்டம் சாகவில்லை. தொழிற்சட்டப் புத்தகத்திலிருந்து எழுந்து குடிநுழைவுச் சட்டப் புத்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஐரோப்பா இப்போது எதிர்த்திசையில் எழுதுகிறது. கட்டாய உழைப்பில் உருவான எந்தப் பொருளையும் தன் சந்தையில் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் இயற்றியது. 2027 டிசம்பர் முதல் அது நடைமுறைக்கு வரும். நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அதையும் அதே கண்ணால் படிக்க வேண்டும். பொருள் சந்தைக்குள் வருவதைத்தான் அது தடுக்கும். உழைத்தவர் கையில் என்ன வரும் என்பது அதன் வேலையில்லை. ஐரோப்பாவுக்குப் போகாத பொருளை அது தொடாது. கேமரன் மலைத் தேயிலையில் பெரும்பங்கை நாமே குடிக்கிறோம். தன் அறுநூறு வருடத்துக் கணக்கைத் தீர்க்கும் ஒரு வரியும் அந்தச் சட்டத்தில் இல்லை.

நம் நாட்டிலும் அசைவு உண்டு. தொழில் ஒழுங்கின் பெயரால் கட்டாய உழைப்பு வாங்குவதைத் தடுக்கும் உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை 1958இல் ஏற்ற மலேசியா 1990இல் கைவிட்டது. ஆனால் கட்டாய உழைப்புக்கு எதிரான 2014ஆம் ஆண்டு நெறிமுறையை 2022இல் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே, 90பி என்ற பிரிவில், கட்டாய உழைப்பு குற்றம்.

கடைசியாக நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்து உணவகம், முடிதிருத்தும் கடை, நகைக்கடை நடத்துகிற எத்தனையோ பேர் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலருடைய தாத்தா பாட்டி லயத்தில் இருந்தவர்கள். வேலைக்காரரின் கடப்பிதழைப் 'பத்திரமா இருக்கட்டும்' என்று இழுப்பறையில் வைத்திருப்பது நம்மிடையே சர்வசாதாரணம். 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, சட்ட அனுமதியின்றி இன்னொருவருடைய கடப்பிதழை வைத்திருப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். இழுப்பறையில் இருப்பதை இன்றைக்கே எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.